செங்கல் மேல் நிற்கும் ஃப்ரிட்ஜ்

1

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பழுதுபார்க்க ஒருவர் வந்தார். வெளியே முழங்கால் அளவு பனி. பூட்ஸை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, காலுறையோடு சமையலறைக்கு வந்து, தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கேட்டார்.

“இது ஏன் செங்கல் மேல் நிற்கிறது?”

நாலு மூலைக்கும் ஒன்றாக நான்கு செங்கல். நான்கு மாதமாக அப்படித்தான் நிற்கிறது. எங்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

“எங்க அப்பா வச்சது.”

“எதற்கு?”

“தண்ணீர் வந்தால் நனையாமல் இருக்க.”

அவர் எழுந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். வெள்ளைப் பனிக்கு நடுவே, கரிந்த மரங்கள் பற்றவைத்து அணைத்த தீக்குச்சிகள் மாதிரி வரிசையாக நிற்கின்றன. ஆகஸ்டில் இந்த ஊருக்கு எது வந்தது என்று அவருக்கும் தெரியும். வந்தது தண்ணீர் இல்லை.

விளக்க ஆரம்பித்தேன். எனக்கு எதையும் சுருக்கிச் சொல்ல வராது. பாதியில் அவருக்கு அடுத்த வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. “மீதியை இன்னொரு நாள் கேட்கிறேன்” என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆரம்பித்த கதை எனக்கு நிற்கவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு ஒரு சௌகரியம், செங்கலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நெருப்பைப் பற்றிச் சொன்னால் போதும்.

என் பெயர் இசக்கியம்மாள். ஏரல்காரி. வேளாண்மை படித்துவிட்டு, மேல்படிப்புக்கென்று கனடா வந்து எட்டு வருஷம் ஆகிறது. மேற்குப் பக்கம், மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஊர். செர்ரித் தோட்டங்களுக்குப் போய் எந்தப் பூச்சிக்கு என்ன செய்யலாம் என்று சொல்வது என் வேலை. கணவர் செல்வின் உவரிக்காரர். நான்கு மணி நேரத் தூரத்தில் இருக்கிற துறைமுகத்தில் வேலை, மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. மகள் தாமிராவுக்கு ஆறு வயது. ஆற்றின் பெயரைச் சுருக்கி ஆசையாக வைத்தோம். பள்ளிக்கூடத்தில் அதையும் சுருக்கி ‘டாமி’ ஆக்கிவிட்டார்கள். அவளுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. “தாமிரான்னா யாருக்கும் சொல்ல வரல மம்மி” என்கிறாள். சொல்ல வராதவர்களில் அவளும் பாதி.

2

அப்பா பெயர் முத்தையா. ஏரலில் வாழை போடுகிறவர். அம்மா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். மே மாதம் ஆறு மாத விசாவில் இங்கே வந்தார்.

அந்த விசா விண்ணப்பத்தில், வருகிறவர் திரும்பிப் போய்விடுவார் என்பதற்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். வீட்டுத் தீர்வை ரசீதை இணைத்தேன். இணைக்கும்போது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ‘அந்த வீட்டை விட்டு இந்த மனுஷனை, ஆறே உள்ளே வந்து கூப்பிட்டும் கிளப்ப முடியவில்லை’ என்று எழுத அங்கே கட்டம் இல்லை.

மார்கழியில் வந்த அந்த வெள்ளத்தைச் சொல்கிறேன். நீங்கள் அதில் நனைந்தவர்கள், நான் அதை இங்கே உட்கார்ந்து போனில் பார்த்தவள். அப்பா சாமான்களையெல்லாம் மேலே ஏற்றிவிட்டு மொட்டை மாடியில் இருந்தார். கீழே தெருவில் கழுத்தளவு தண்ணீர்.

“யப்பா, யாராவது படகு கொண்டுவந்தா ஏறிப் போயிருங்க.”

“நான் எங்கட்டி போவ? ஆளு இருந்தாத்தான் வீடு நிக்கும். போனவன் வீட்ல மோட்டரு இருக்காது, பாத்துக்க.”

“மோட்டரா முக்கியம்?”

“ஏட்டி, ஒனக்கு அங்கன இருந்து என்ன தெரியும்? நான் பாத்துக்கிடுதேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “செங்கலையும் சிமிண்டையும் கட்டிப் பிடிச்சிட்டுக் கெடங்க. ஒங்களுக்கு மகளும் வேண்டாம், பேத்தியும் வேண்டாம்!” என்றேன். போன் நின்றுவிட்டது. டவர் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை.

அந்த இரண்டு நாளும் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுதப்போவதில்லை. கடைசியாகச் சொன்ன வாக்கியம் அதுவாக ஆகிவிடுமோ என்ற நினைப்பு மட்டும்தான் இருந்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் போனில் அப்பாவே கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு பெருமை. “ஃப்ரிட்ஜு, தையல் மெசினு, நெல்லு மூடை, ஒண்ணு நனையலட்டி!” நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்காது, அதற்குள் லைன் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் அதை எடுக்கவில்லை.

3

ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் காடு பற்றியது. முதல் நாள் சூரியன் கேரட் வில்லை மாதிரி ஆரஞ்சாக இருந்தது. கண்ணை உறுத்தாமல் நேராகப் பார்க்கலாம். அப்பா பின்பக்கம் நின்று மூக்கை உறிஞ்சினார்.

“எவனோ அறுத்த வயல்ல தாளு எரிக்கான்.”

“வயல் இல்லப்பா. காடு.”

“எவ்வளவு காடு?”

வரைபடத்தைக் காட்டினேன். ஏரலிலிருந்து பாபநாசம் வரைக்கும் இருக்கும் என்றேன். அவர் போனைத் திருப்பித் தந்துவிட்டு, தாமிராவை உள்ளே போகச் சொன்னார்.

மூன்றாம் நாள் மதியம் கதவில் மஞ்சள் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். இங்கே இரண்டு கட்டம் உண்டு. முதலாவது தயார்நிலை, அதாவது கிளம்பச் சொன்னால் உடனே கிளம்பும்படி இருங்கள். இரண்டாவது உத்தரவு, அதாவது இந்த நிமிஷமே போங்கள். எங்களுக்கு வந்தது முதலாவது.

நான் இந்த மாதிரி வேலையில் கெட்டிக்காரி, மறைக்க என்ன இருக்கிறது. பத்து நிமிஷத்தில் ஒரு பட்டியல் தயார். சிவப்பில் கட்டாயம் எடுக்க வேண்டியவை, பச்சையில் முடிந்தால் எடுக்க வேண்டியவை, நீலத்தில் விட்டுவிட வேண்டியவை. அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன். செல்வினுக்கு போன் செய்தேன்.

“நெடுஞ்சாலைய மூடிட்டாங்க, என்னால இப்ப வர முடியாது” என்றார். “ஏ இசக்கி, நாங்க கடக்கரக்காரங்க. புயல்னு சொன்னா மொதல்ல போட்ட கரை மேல இழுப்போம், அடுத்து ஆளக் கிளப்புவோம். ஒங்க ஊரு மாதிரி மாடியில ஏறி நின்னு வேடிக்க பாக்க மாட்டோம். மாமாவப் பாத்துக்க.”

“அதெல்லாம் பிளான் போட்டாச்சு.”

போனை வைத்துவிட்டு சமையலறைக்குள் வந்தேன். அப்பா ஃப்ரிட்ஜை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். காலடியில் தோட்டத்துப் பாத்தி ஓரத்திலிருந்து பெயர்த்த செங்கல்கள்.

“ஏட்டி, அந்தப் பக்கம் பிடி.”

பிடித்தேன்.

இதை இப்போது எழுதும்போதும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. முதுகலை படித்தவள். என் பட்டியல் அதே கதவில், என் மூக்குக்கு நேராக ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் பிடித்தேன். ‘ஆபத்து வருது’ என்றால் ஆற்றங்கரைக்காரிக்குக் கை தானாக மேலே போகும்போல. ஃப்ரிட்ஜ் ஏறியது. அடுத்து மெத்தைகளைச் சாப்பாட்டு மேசை மேல் போட்டோம். அரிசி மூடை அலமாரி உச்சிக்குப் போனது. தாமிராவின் புத்தகங்கள், தையல் மெஷின், டிவி எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக. சிவப்பு எழுத்தில் முதலாவதாக இருந்த பாஸ்போர்ட், சான்றிதழ் பையை அப்பா பாலிதீனில் மூன்று சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, கூரைக்கடியில் இருக்கிற பரணுக்குக் கொண்டுபோனார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

“நல்லா உள்ள தள்ளி வைங்கப்பா.”

“எனக்கா சொல்லித் தார?”

அவர் வந்த மூன்று மாதத்தில் நாங்கள் இருவரும் சண்டையில்லாமல் ஒன்றாகச் செய்த முதல் வேலை அதுதான். வேர்த்து விறுவிறுத்து, சிரிக்கக்கூடச் செய்தோம்.

தாமிரா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். “மம்மி, தீ மேலதான் போகும்னு டீச்சர் சொன்னாங்க. புகை வந்தா கீழ தவழணும்.”

“ஒங்க டீச்சரு ஆத்துல வெள்ளம் வந்து பாத்திருக்காளா?” என்றார் தாத்தா.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு கிளாடிஸ் உள்ளே வந்தாள். அறுபத்தைந்து வயது, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். அப்பாவுக்குத் தெரிந்த கிளாடிஸ்கள் எல்லாம் பாளையங்கோட்டையில் டீச்சர்கள் என்பதால், வந்த நாள் முதல் அவளை ‘கிளாடிஸ் டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறார். அவளும் திருத்துவதில்லை.

கிளாடிஸ் மேசை மேலிருந்த மெத்தையைப் பார்த்தாள். செங்கலைப் பார்த்தாள்.

“இசக்கி, என்ன செய்றீங்க?”

“பேக் பண்றோம்.”

“பேக் பண்ணினால் அது காரில் அல்லவா இருக்க வேண்டும்?”

திரும்பி வெளியே பார்த்தேன். கார் வாசலில் நின்றது. உள்ளே ஒரு துணிப்பை கூட இல்லை. ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

வாயைத் திறப்பதற்குள் என் போனும், கிளாடிஸ் போனும், தெருவில் இருந்த எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறின. உத்தரவு வந்துவிட்டது.

4

கிளாடிஸ் தாமிராவைத் தூக்கிக் கார் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டாள். நான் கையில் கிடைத்ததை அள்ளினேன். பிறகு கணக்குப் பார்த்தபோது அதில் ஒரு இட்லித் தட்டும், ஒற்றைச் செருப்பும், டிவி ரிமோட்டும் இருந்தன. பாஸ்போர்ட் பை நினைவுக்கே வரவில்லை.

அப்பாவைக் காணவில்லை. வீட்டின் பின்பக்கம் போனால், தோட்டத்து ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கூரையில் தண்ணீர் அடித்துக்கொண்டு நிற்கிறார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். மலை உச்சியில் சிவப்பு தெரிந்தது. காற்றில் கறுப்பு இலைகள் பறந்து வந்து புல்லில் விழுந்தன. இலை இல்லை, சாம்பல். அடுப்பு ஊதுகிறபோது வருகிற மாதிரி ஒரு சத்தம், ஆனால் மலை முழுக்க.

“யப்பா, வாங்க போவோம்.”

“நீங்க போங்க. நான் இருந்து நனைக்கேன்.”

“இது ஒரு வாளித் தண்ணி விசயம் இல்லப்பா.”

“நீ பிள்ளையக் கூட்டிட்டுப் போட்டி. ஒன் வீட்ட நான் பாத்துக்கிடுதேன்.”

ஒன் வீடு. அவர் தன் வீட்டுக்காகக்கூட இல்லை, என் வீட்டுக்காக நிற்கிறார். கத்தினேன். கெஞ்சினேன். கையைப் பிடித்து இழுத்தேன். வாழைத்தார் சுமந்த கை, அசையவில்லை.

ஆரஞ்சுச் சட்டை போட்ட மீட்புத் தொண்டர் ஒருத்தி வீடுவீடாக வந்துகொண்டிருந்தாள். சின்னப் பெண், என்னைவிட இளையவள். நடப்பதைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். வயதுவந்த ஒருவரை வலுக்கட்டாயமாக வெளியேற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றாள். தங்குகிறவர் ஒரு தாள் நிரப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். கிளிப் வைத்த அட்டையை அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா ஹோஸைக் கால் இடுக்கில் வைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். முதல் வரியில் தன் பெயரைத் தமிழில் எழுதினார்.

“அடுத்தாப்புல என்ன?”

படித்தேன். “பல் டாக்டர் பேரு கேக்காவ.”

“பல்லு நல்லாத்தான இருக்கு. அதுக்கென்ன இப்போ?”

“நமக்குச் சொல்ல முடியாம ஆயிட்டுன்னா… பல்ல வச்சுத்தான் ஆளு யாருன்னு பாப்பாவளாம்.”

அப்பா நாக்கால் உள்பக்கம் ஒரு பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “சரி. அத விடு. அடுத்து?”

“தகவல் சொல்ல வேண்டிய நெருங்குன சொந்தக்காரங்க பேரு.”

இசக்கியம்மாள் என்று எழுதினார். உறவு என்ற இடத்தில் மகள் என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

“விலாசம்? சொல்லு.”

“இதே வீடுதான்ப்பா.”

“ம்?”

“என் விலாசம் இதே வீடுதான். வேற ஏது?”

பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவரைப் பயமுறுத்த உட்காரவில்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது, அவரை இங்கே விட்டுவிட்டு என்னால் வண்டியைக் கிளப்ப முடியாது என்று. “நானும் இருக்கேன். கிளாடிஸ் பிள்ளையக் கூட்டிட்டுப் போவட்டும்” என்றேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அப்பா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் தாளைப் பார்த்தார்.

“அப்போ இந்தத் தாள எவனுக்கு அனுப்புவான்?”

அப்பா பேனாவை மூடி அவள் கையில் கொடுத்தார். சுவரோரம் பைப்பை அடைத்துவிட்டு ஹோஸைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டினார். திரும்பக் குனிந்து, சொட்டுகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார்.

“எந்திரிட்டி. வண்டிய எடு.”

5

கார்கள் நத்தையாக ஊர்ந்த அந்தச் சாலையில், இரண்டு மணி நேரத்தில் அப்பா பேசியது ஒரே ஒரு வாக்கியம். “பைப்ப அடச்சேனா?”

“அடச்சீங்கப்பா.”

அடுத்த ஊரில் பனிச்சறுக்கு மைதானக் கூடத்தில் எங்களைத் தங்கவைத்தார்கள். பதிவு மேசையில் நல்ல மனுஷர் ஒருவர் இருந்தார், ஆனால் எங்கள் பெயர்கள் அவரைத் திணறடித்துவிட்டன. நான் இசக்கியம்மாள், குடும்பப் பெயர் முத்தையா. அப்பா முத்தையா, குடும்பப் பெயர் சுடலைமுத்து. தாமிரா, குடும்பப் பெயர் செல்வின். நம் ஊரில் அப்பன் பேரைச் சேர்த்துக்கொள்வோம், அதுதான் வழக்கம் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். கம்ப்யூட்டர் ஆட்டவில்லை. எங்களை மூன்று குடும்பங்களாகப் பதிந்து, கூடத்தின் மூன்று மூலைகளில் மூன்று கட்டில்களைக் கொடுத்தது. ஆறு வயதுப் பிள்ளை ஒரு தனிக் குடும்பத்தின் தலைவி. கட்டில்களை நாங்களே தூக்கிக்கொண்டுவந்து ஒன்றாகப் போட்டோம்.

உணவுக்கும் போர்வைக்கும் ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிடுவார்கள். “முத்தையா!” என்றால் அது நான். ஒவ்வொரு தடவையும் அப்பாதான் எழுந்து நின்றார்.

“ஒங்கள இல்லப்பா, என்னைய.”

“என் பேரத்தான சொல்லுதான்? ஒனக்குப் பசின்னாலும் என்னையத்தான் கூப்பிடுதான் பாரு” என்று ஒரு பெருமை வேறு.

இரண்டாம் நாள்தான் பை ஞாபகம் வந்தது. செல்வின் போனில் சாதாரணமாகக் கேட்டார், “பாஸ்போர்ட் எல்லாம் கையில இருக்குல்லா?” எல்லாரின் பாஸ்போர்ட்டும், அப்பா அக்டோபரில் திரும்பிப் போக வேண்டிய பாஸ்போர்ட்டும், பாலிதீனில் பத்திரமாகப் பரணில் இருந்தன. பக்கத்துக் கட்டிலில் இருந்த கிளாடிஸிடம் சொன்னேன். அவள் நாசூக்காகச் சொல்லத் தெரியாதவள்.

“ஐயோ, பரணிலா? தீப்பொறி முதலில் நுழைகிற இடமே அந்தப் பரண் காற்றுத் துவாரம்தானே.”

அப்பாவிடம் பாய்ந்தேன். “ஒங்கள யாரு பரண்ல கொண்டு வைக்கச் சொன்னா?”

“நீதானட்டி ஏணியப் பிடிச்ச.”

உண்மைதானே. சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தது எங்கேயோ அழுகையாக மாறி, கூடத்தில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் இப்படி அழுகிறவள் இல்லை. தாமிரா ஓடிவந்து, வந்திருந்த ஆலோசகர் அம்மாவிடம் ஆங்கிலத்தில் தெளிவாக விளக்கினாள், “எங்க தாத்தா தீயில நனைஞ்சிடக் கூடாதுன்னு ஃப்ரிட்ஜை செங்கல் மேல வச்சுட்டார்.” அந்த அம்மா அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். என்ன புரிந்துகொண்டாரோ!

வெளியேறுவது என்றால் என்ன என்று எனக்கு அந்தக் கூடத்தில்தான் தெரிந்தது. கிளம்புகிற அந்த ஐந்து நிமிஷம் பெரிதாக இல்லை. அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாமல் இருக்கிற நாட்கள்தான் ஆளைத் தின்கின்றன. என்னைப்போல ஓடிக்கொண்டே இருக்கிறவளுக்கு அது இரட்டிப்பு. காலையில் எழுந்ததும் போனில் தீயின் எல்லையைப் பார்ப்பேன். எங்கள் தெரு அந்தச் சிவப்புக் கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா என்று விரலால் பெரிதாக்கி, பெரிதாக்கி. அன்றைக்கு வெள்ளத்தில் இப்படித்தானே அப்பாவின் வீட்டைத் தேடினேன் என்று நினைப்பேன். அவர் மாடியில் நின்று வீட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார், நான்தான் பார்க்காமல் துடித்தேன். அவர் ஏன் கிளம்பவில்லை என்பதில் ஒரு பாதி எனக்கு அங்கேதான் விளங்கியது. மறுபாதி இன்னும் விளங்கவில்லை, விளங்க வேண்டும் என்றும் இல்லை.

நாலாம் நாள் சாயங்காலம் எல்லாருக்கும் பீட்சா. அப்பா ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“அன்னைக்கு வெள்ளத்துல நீ போன்ல சொன்னது கேட்டுச்சுட்டி. டவரு அதுக்குப் பெறவுதான் போச்சு.”

கையிலிருந்த துண்டைத் தட்டில் வைத்தேன்.

“யப்பா, நான்…”

“சரி, சரி. இது ஆறுனா ரப்பரு மாதிரி ஆயிருது. தின்னு.”

தின்றேன். அவரும் தின்றார்.

6

ஒன்பதாம் நாள் திரும்ப விட்டார்கள். எங்கள் தெரு நின்றது. மேல் தெருவில் சில வீடுகள் இல்லை, ஏறிப்போகிற படிக்கட்டு மட்டும் இருந்தது, ஏறினால் எங்கும் போகாது. கிளாடிஸின் தோட்டத்துக் கொட்டகை எரிந்துபோயிருந்தது. அவள் இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா போய்ப் பக்கத்தில் நின்றார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. “போட்டும் டீச்சர்” என்றார். அவள் தலையாட்டினாள்.

எங்கள் வீட்டுக்குள் எல்லாமே உயரத்தில் இருந்தன. மேசை மேல் மெத்தை, அலமாரி மேல் அரிசி, எல்லாவற்றின் மேலும் மெல்லிய சாம்பல். வெள்ளம் மட்டும் வந்திருந்தால் ஒரு சாமான் நனைந்திருக்காது, அவ்வளவு நேர்த்தி. அப்பா ஏணியில் ஏறிப் பையை எடுத்துவந்து, டேப்பைப் பிரித்து, பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் படத்தைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்டோபரில் விமானம் ஏறும்வரை அதை அங்கிருந்து எடுக்கவே இல்லை. துவைக்கப் போட மட்டும் நான் பறித்தேன்.

எல்லாவற்றையும் கீழே இறக்கினோம். ஃப்ரிட்ஜை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டோம். இன்னும் அந்த நாளை வரவில்லை.

மனசு அவ்வளவு சீக்கிரம் வீடு திரும்பவில்லை. யாராவது தோட்டத்தில் இறைச்சி சுட்டால் நான் எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். தாமிரா படுக்கும் முன் கேட்கிறாள், “மம்மி, கார் ரோட்டைப் பார்த்து நிக்குதா?” முதலில் இதைக் கேட்டு வருத்தப்பட்டேன். இப்போது, “நிக்கு” என்கிறேன். அவளும் “நிக்கு” என்று திருப்பிச் சொல்லிவிட்டுத் தூங்குகிறாள். எந்தத் தமிழ்ப் பாடமும் ஏறாத அந்த வாயில் இந்த ஒரு நெல்லைச் சொல் சுத்தமாக ஏறியிருக்கிறது. இதையும் ஒரு கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நாங்கள் இப்போது கெட்டிக்காரர்கள். காரில் ஒரு பை எப்போதும் இருக்கிறது. இனி ஒரு உத்தரவு வந்தால் நான்கு நிமிஷத்தில் தெருவில் இருப்போம், சவால் விடுகிறேன்.

7

இதை இங்கேயே முடிப்பதாகத்தான் இருந்தேன். வியாழக்கிழமை ஏரலில் மழை என்று செய்தி வந்தது. அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்போகிறார்கள், கரையோரத்தில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்களாம். அப்பாவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. திரும்பவும் செய்தேன். எடுக்கவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து செர்ரிப் பூச்சி அறிக்கையில் ஒரே வரியைப் பத்துத் தடவை படித்தேன். இந்தத் தடவை என்ன பேசக் கூடாது என்று மட்டும் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் தடவை எடுத்தார். பின்னால் ஒரே இரைச்சல். பிள்ளைகள் சத்தம், பாத்திரச் சத்தம்.

“யப்பா! எங்க இருக்கீங்க?”

“பள்ளிக்கூடத்துலட்டி. அஞ்சாங் கிளாசு. பெஞ்சு சின்னது, காலு மடக்க முடியல.”

“பள்ளிக்கூடமா?”

“முகாமு போட்டிருக்கான்லா. தண்ணி இன்னும் தெருவுக்கு வரல. நான்தான் மொத ஆளு. உப்புமால உப்பு இல்ல.”

அறிக்கையை மூடி வைத்தேன். நான் அடுத்ததைக் கேட்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“இங்கனயும் தாள நீட்டுனான். பேரு, சொந்தக்காரங்க பேரு, விலாசம். ஒன் விலாசத்தக் குடுத்தேன். கட்டத்துல எடம் பத்தல, பின்பக்கம் திருப்பி எழுதினேன். அந்தத் தம்பி கேக்கான், ‘இவ்வளவு தூரத்துக்கா அனுப்பணும்?’னு. ‘அனுப்புலே, ஒனக்கென்ன?’ன்னேன்.”

“வீடு?”

“அங்கனதான் நிக்கும். எங்க போவப் போவுது?”

“சாமான்?”

“எல்லாத்தையும் மேல ஏத்தித்தான் வச்சிருக்கேன். இங்கன அது தப்பில்லல்லா? வாரது தண்ணி.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “பத்திரமும் பாஸ்போர்ட்டும் பரண்ல இல்ல, பாத்துக்க. சட்டப் பையில இருக்கு.”

மறுமுனையில் மழை தகரக் கூரையில் விழுகிற சத்தம் கூடியது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். லைன் போகவில்லை.

“என்னப்பா, பேசாம இருக்கீங்க?”

“ஒண்ணுமில்லட்டி,” என்றார் அப்பா. “கெளம்பும்போது பைப்ப அடச்சேனா இல்லியான்னுதான் ஒரே யோசனையா இருக்கு.”